சாமையும் ரேஷன் அரிசியும்

நம் சிற்றிதழ்களில் பசிக்கு ஒரு மரியாதை உண்டு. சாப்பாட்டுக்கு இல்லை. நட் ஹாம்ஸன் 1890இல் எழுதிய ‘பசி’ நாவலை நாம் எல்லோரும் இருபது வயதுக்குள் படித்துவிடுகிறோம். காஃப்காவின் பட்டினிக் கலைஞனைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரையாவது எழுதாமல் விமர்சகன் ஆவதில்லை. அந்தக் கலைஞன் சாகும்போது சொல்வது, தனக்குப் பிடித்த உணவு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் மற்றவர்களைப் போல வயிறு முட்டத் தின்றிருப்பேன் என்பதுதான். இதை நாம் ஆத்மாவின் பசி என்று படிக்கிறோம். அப்படிப் படிக்க உரிமை இருக்கிறது. ஆனால் என்ன உணவு, யார் தருவது, எவ்வளவு, எந்தக் கணக்கில் என்ற கேள்விகள் எழுந்தவுடனே விஷயம் இலக்கியத்தைவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டதாக நமக்கு ஒரு சங்கடம் ஏற்படுகிறது.

மணிமேகலையை எழுதிய சாத்தனாருக்கு இந்தச் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. பசியை ஒரு பிணியாகவே பார்க்கிற காவியம் அது. காயசண்டிகையின் தீராப் பசியை ஒரு நோய்க்குறிப்புப் போல விவரிக்கிறது. அமுதசுரபி கைக்கு வந்ததும் மணிமேகலை செய்வது தனக்கு எதிரே வருபவர்களுக்கெல்லாம் சோறிடுவது. யாருக்குத் தகுதி, யார் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று அவள் அட்டை பார்ப்பதில்லை. சிறைச்சாலை அறக்கோட்டமாவதும் இந்தத் தொடர்ச்சியில்தான். புறநானூற்றிலும் சிறுகுடி கிழான் பண்ணனை ஒரு சோழ மன்னன் பசி என்னும் நோய்க்கு வைத்தியனாகப் பாடியிருக்கிறான். ஆக, உணவு பொதுஜன ஆரோக்கியத்தின் விஷயம் என்ற பிரக்ஞை நமக்கு மேற்கிலிருந்து வந்ததல்ல. விட்டுப்போனதுதான் நாமாகச் செய்துகொண்டது.

இதையெல்லாம் நான் யோசிக்கக் காரணம் உத்தியோகம். நான்கு வருஷங்களாக ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் ஊரைப் படகுத் துறையாகவும் லேடீஸ் ஸீட்டாகவும் அறிந்தவர்கள்தான் அதிகம். கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேறு ஊர். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் என்று சேர்வராயன் மலையின் மடிப்புகளிலிருந்து இறங்கி வருகிற மலையாளிகள், காப்பித் தோட்டக் கூலிகள், முதியோர் பென்ஷன் வாங்க வருகிற கிழவிகள். மலையாளி என்றால் கேரளத்துக்காரர்கள் அல்ல. மலையை ஆள்பவர்கள் என்று தங்கள் பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயனிலும் நடுவண்ணன் பச்சைமலையிலும் சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் கதை. இவர்களுடைய தானியம் சாமை, கேழ்வரகு, தினை. அதாவது, தானியமாக இருந்தது.

போன வருஷம் ஒரு கவிஞர் மேலே வந்திருந்தார். நல்ல கவிஞர், பெயர் வேண்டாம். தங்கியிருந்த விடுதியில் காலையில் சாமைப் பொங்கல் போட்டார்களாம். அதற்குக் கொடுத்த விலையை என்னிடம் பெருமையோடு சொன்னார். பிறகு, சர்க்கார் இலவச அரிசி கொடுத்தே இந்த ஜனங்களின் ஆரோக்கியத்தைக் கெடுத்துவிட்டது, சாமை தின்று நூறு வயது இருந்தவர்களுக்கு இன்று சர்க்கரை வியாதி என்று ஆரம்பித்தார். இந்த வாதம் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, இதைச் சொல்ல ஆராய்ச்சிகூட வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

அதில் உண்மை இல்லையா என்றால் இருக்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியை மூன்று வேளையும் தின்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று சென்னையில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கவிஞர் சொன்னதில் இல்லாத ஒருவரை நான் அவருக்கு அறிமுகம் செய்ய விரும்பினேன். எங்கள் கிளையில் தற்காலிக ஊழியராக இருக்கும் மலையாளிப் பையனின் பாட்டி. அவளிடம் சாமையைப் பற்றி ஒருமுறை ஆசையோடு கேட்டேன். நான் எதிர்பார்த்த ஏக்கம் அவளிடம் இல்லை. கையை விரித்துக் காட்டினாள். “அதெல்லாம் இப்ப யாருங்க சாமி குத்தறது? விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு குந்தாணியில போட்டுக் குத்தினா மத்தியானத்துக்கு ஒரு சட்டி வரும். புருசனுக்கு, புள்ளைங்களுக்குப் போட்டுட்டுப் பாத்தா எனக்குக் கஞ்சித்தண்ணிதான்.” நெல்லஞ்சோறு எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். “நோம்பிக்குத்தான்” என்றாள்.

சாமையின் உமி தானியத்தோடு ஒட்டிக்கொண்டு விடாது. நெல் குத்துவதைவிட அதிகக் குத்து வேண்டும். அந்தக் குத்து முழுவதும் பெண்களுடையது. பாரம்பரிய உணவு என்று நாம் கண்கலங்குகிற வஸ்துவில் எத்தனை பெண்களின் தோள்பட்டை சேர்ந்திருக்கிறது என்பது எந்த விடுதியின் பட்டியலிலும் இல்லை. அரிசி அவளுக்கு மோகமாக வரவில்லை, ஓய்வாக வந்தது. அதற்கு மேலும் ஒன்றாக வந்தது. கீழே சமவெளியில் மிராசுதார் தின்றது, கோவிலில் படைத்தது, தன் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தரம் மட்டும் வெந்தது, இப்போது மாதம்தோறும் தன் பெயரில் இருக்கும் அட்டைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூனிலிருந்து இலவசமாகவும் கிடைத்த அரிசியை அவள் வெறும் மாவுச்சத்தாகப் பார்க்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நமக்குச் சுலபம். நாம் ஏற்கனவே தின்று முடித்துவிட்டவர்கள்.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஊட்டச்சத்து அட்டவணைகளைப் படிக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பாடபேதம் பார்க்கத் தெரியும். இந்திய உணவுகளின் சத்து மதிப்பைச் சொல்லும் அட்டவணை முதலில் 1937இல், ஐக்ராய்ட் குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தபோது, ஒரு சிறு பிரசுரமாக வந்தது. அதன் வாரிசாகப் பல பதிப்புகள் கண்ட நூல், 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. தீட்டிய பச்சரிசிக்கு 0.7தான். ரத்தசோகைக்குச் சாமையே மருந்து என்ற பிரசங்கங்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணின் மேல் நிற்கின்றன. 2017இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எல்லாவற்றையும் புதிதாக அளந்து வேறொரு அட்டவணை போட்டது. அதில் சாமையின் இரும்பு 1.3க்கும் குறைவு. கேழ்வரகின் கால்சியம் பழைய பதிப்பில் 344, புதியதில் 364, அது அசையவில்லை. சாமை மட்டும் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. தூசியோ, உமியோ, அளக்கும் முறையோ, அது விஞ்ஞானிகள் பாடு. எனக்கு வியப்பு, 2017க்குப் பிறகு எழுதப்பட்ட சிறுதானியக் கட்டுரைகளிலும் பழைய பாடமே மேற்கோளாக வருவதுதான். நல்ல செய்தி சொல்லும் பாடத்தைச் சரிபார்க்க யாருக்கும் மனசு வருவதில்லை. ஏட்டுச் சுவடியிலும் இப்படித்தான்.

இதனால் சாமை அரிசிக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. நார்ச்சத்தில், சர்க்கரையை மெதுவாக ரத்தத்தில் விடுவதில், அது உயர்ந்ததாகவே இருக்கக்கூடும். ஆனால் தானியத்தை மாற்றினால் ரத்தம் ஊறிவிடும் என்பது கதை. தானியங்களில் உள்ள ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் காப்பியும் டீயும் அதையே செய்கின்றன. 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை இது. தோட்டத்துப் பெண் பழைய சோற்றை முடித்த கையோடு வரக்காப்பி குடிக்கிறாள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம், அதற்கு முந்தைய கணக்கில் அது 50.7ஆக இருந்தது. யாரும் பட்டினி கிடக்காத மாநிலத்தின் கணக்கு இது.

குன்னூரைச் சொன்னேன். மலைவாசஸ்தலங்களில் வெள்ளைக்காரர்கள் செய்ததெல்லாம் குதிரைச் சவாரியும் கல்லறைத் தோட்டமும்தான் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஊர் ஒரு விதிவிலக்கு. அங்கே ராபர்ட் மக்காரிசன் 1918இலிருந்து பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகமாயிற்று. எலிகளைப் பிரிவு பிரிவாக வைத்து ஒன்றுக்குச் சீக்கியர் உணவு, ஒன்றுக்குப் பட்டாணியர் உணவு, ஒன்றுக்கு மராட்டியர் உணவு என்று போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, கீரை தின்ற சீக்கிய எலி முதலில் வந்தது. பட்டியலின் அடியில் வங்காளி எலியும் மதராஸி எலியும். பரிசோதனை சரியானது. ஆனால் அதிலிருந்து போர்க்குணம் உள்ள ஜாதி, இல்லாத ஜாதி என்று ஏற்கனவே இருந்த ராணுவப் பேச்சுக்கு ஒரு சான்று கிடைத்துவிட்டது. மதராஸி எலிக்குப் பால் கிடைக்காதது நிலவுடைமையின் விளைவு என்பதை எலிக்கூண்டில் பார்க்க முடியாது. அதே ஆய்வகம் கண்டறிந்த இன்னொன்றுக்காக நாம் நம் பாட்டிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நெல்லைப் புழுக்கினால் தவிட்டிலிருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. ஆந்திரத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில் பச்சரிசி தின்றவர்களைப் பெரிபெரி வாட்டியபோது, தமிழ்நாட்டில் அது பரவாததற்குப் புழுங்கலரிசியே முக்கியக் காரணம். ரேஷன் கடையில் புழுங்கலா பச்சையா என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சேலம் ஜில்லாக்காரனுக்கு வேறொரு எண்ணும் மறக்கக் கூடாதது. 1871 சென்சஸில் இந்த ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 66 ஆயிரம். 1881இல் 15 லட்சத்து 99 ஆயிரம். நடுவில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். ஊரை விட்டுப் போனவர்களும் பிறக்காமல் போனவர்களும் இதில் உண்டென்றாலும், செத்தவர்கள்தான் இந்தக் கழித்தலின் பெரும்பகுதி. அந்தச் சமயத்தில் 1877 ஜனவரியில் கல்கத்தா அரசு ரிச்சர்ட் டெம்பிளை மதராஸுக்கு அனுப்பியது. செலவைக் குறைப்பது அவர் வேலை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்குக் கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஒரு அணாவும் போதும் என்று தீர்மானித்தார். மதராஸ் மாகாணத்தின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். மார்ச் மாதம் டெம்பிள் எழுதிய குறிப்புகளுக்கு அவர் எழுதிய மறுப்பு அச்சிலேயே வந்தது. மண் வெட்டும் மனுஷனின் உடம்புக்கு இது போதாது, உடம்பு தன்னையே தின்று கரையும், அதன் பிறகு சோறு போட்டாலும் பிழைக்காது என்பது அவர் கட்சி. ஒரு அதிகாரியின் வாக்கியத்துக்கு எதிராக ஒரு டாக்டரின் வாக்கியம். இந்தியாவில் ஊட்டச்சத்து அரசியலாக விவாதிக்கப்பட்ட முதல் பெரிய சந்தர்ப்பம் இதுதான் என்று நினைக்கிறேன். கவிதையில் ஒரு சொல் கூடுதலா குறைவா என்று நாம் சண்டை போடுகிறோம். கால் பவுண்டு கூடுதலா குறைவா என்று அவர்கள் போட்ட சண்டையின் முடிவு சென்சஸில் பதிவாகியிருக்கிறது.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெம்பிளின் பவுண்டு 450 கிராம் சொச்சம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ என்கிறது. நாளுக்கு 166 கிராம். ஒப்பிடுவது நியாயமல்ல, ஒன்று பஞ்சத்தில் ஒருவனின் முழு உணவு, மற்றது கூலியோடு சேர்கிற உதவி. என்றாலும், உதவி என்ற சொல்லை யார் எந்த இடத்தில் உபயோகிக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கார்னிஷின் கட்சியை நூறு வருஷம் கழித்து எடுத்துப் பேசியவர் ஒரு சேலத்துக்காரர். சி. கோபாலன், 1918இல் சேலத்தில் பிறந்தவர். குன்னூர் ஆய்வகத்தில் வேலை பார்த்து, அது ஹைதராபாத்துக்குப் போனபின் அதன் இயக்குநராகி, நூறு வயது வாழ்ந்து 2019இல் காலமானார். சேலத்தில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும் என்று கேட்காதீர்கள். 1980களின் ஆரம்பத்தில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒரு சூத்திரம் சொன்னார்: ‘சின்ன உடம்பு, ஆனால் ஆரோக்கியம்’. குறைவாகத் தின்று குள்ளமாக வளர்ந்தவர்கள் நோயாளிகள் அல்ல, சூழ்நிலைக்கு ஏற்ப உடம்பைச் சரிசெய்துகொண்டவர்கள். அவர்களுக்கு உணவுத் திட்டம் அவசியமில்லை என்பது இதன் தாத்பரியம். பி.வி. சுகாத்மே போன்ற பெரிய புள்ளியியல் அறிஞரின் தர்க்கமும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரே கையெழுத்தில் நாட்டின் ஊட்டமின்மை பாதியாகிவிடும், செலவு ஒன்றுமில்லை. கோபாலன் இதைச் சும்மா விடவில்லை. சின்ன உடம்பு ஆரோக்கியமென்றால் அது ஏன் ஏழைக்கு மட்டும் சொல்லப்படுகிறது, பணக்காரன் வீட்டுக் குழந்தை குள்ளமாக இருந்தால் ஏன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம் என்ற ரீதியில் 1983இல் பதில் எழுதினார். விமர்சகனாக எனக்கு இந்தச் சண்டையில் பிடித்தது, ‘ஆனால்’ என்ற ஒரு இடைச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் மொத்தத்தையும் பிரித்துப் போட்டதுதான்.

எங்கள் கிளையில் கவுன்டரின் கருங்கல் விளிம்பு கொஞ்சம் உயரம். யாரோ சமவெளி எஞ்சினியர் போட்ட அளவு. பென்ஷன் வாங்க வரும் கிழவிகளுக்கு மோவாய்க்கு நேராக வருகிறது. ரேகை வைக்கக் கையை மேலே தூக்க வேண்டும். அவர்கள் மகள்களுக்குத் தோளுக்குக் கீழே. நூறு நாள் வேலைக் கூலியைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் இவர்கள். பேத்திகள் ஸ்காலர்ஷிப் பணத்துக்கு வருகிறார்கள். முழங்கையை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, “சார், இன்னும் கிரெடிட் ஆகலையா?” என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறைக்கு நடுவில் ஒரு சாண். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். பேத்தியும் பாட்டியின் உயரத்திலேயே நிற்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு சாணைப் பார்த்தபின் ‘சின்ன உடம்பு’ சூத்திரத்தை மரியாதையோடு படிக்க எனக்கு முடியவில்லை. மரபணு முப்பது வருஷத்தில் மாறுவதில்லை.

என்ன மாறியது என்று எனக்கு ஓரளவு தெரியும். என் அம்மா ஓமலூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலராக இருந்தவள். நானும் அந்தச் சோற்றைத் தட்டில் வாங்கித் தின்று வளர்ந்தவன்தான். ஆகையால் இந்த விஷயத்தில் நடுநிலை வகிப்பதாகப் பாவனை செய்ய மாட்டேன். பள்ளியில் சோறு போடுவது இங்கே நீண்ட கதை. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது, காமராஜர் 1956இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது, 1961இலிருந்து கேர் ஸ்தாபனம் அனுப்பிய பால் பவுடர், கோதுமை, எண்ணெய். அம்மா தலைமுறைக்கு அந்த அமெரிக்க உப்புமாவின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பாப்பாக்குறிச்சியில் ஆரம்பித்ததற்குத்தான் சத்துணவு என்ற பெயர். அதற்கு முன் அது மதிய உணவு. பெயரில் நேரம் போய்ச் சத்து வந்தது. படித்தவர்கள் அன்று இதைக் கேலி செய்தார்கள். ஓட்டுக்காக என்றார்கள். கஜானா தாங்காது என்றார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் ஓட்டுக்காகப் போட்டது என்பதால் சோறு ஜீரணமாகாமல் போவதில்லை.

அதே காலத்தில் இதே மாநிலத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு திட்டமும் ஓடியது. 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிட்டு எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை. எடை ஏறினால் உருண்டை நின்றுவிடும். புத்திசாலித்தனமான திட்டம், செலவு குறைவு, கடும் ஊட்டமின்மை குறைந்தது என்று மதிப்பீடுகளும் சொல்லின. முதல் இரண்டு மூன்று வயதுக்குள்தான் உடம்பின் விதி எழுதப்படுகிறது என்பதால், ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தைக்குச் சோறு போடுவதைவிட இதுவே சாஸ்திரப்படி சரி. இருந்தும் எனக்குப் பந்திதான் உவப்பாக இருக்கிறது. தராசு தாயைப் பரீட்சை எழுத வைக்கிறது. பந்தியில் யாருக்கும் மதிப்பெண் இல்லை. எங்கள் வகுப்பில் மிராசு வீட்டுப் பையன் ஒருவன் முட்டை நாளில் மட்டும் வரிசையில் வந்து நிற்பான். அம்மா அவனை ஒன்றும் சொல்லமாட்டாள். “வந்து நிக்கறவனுக்குப் போடறதுதான் சாமி நம்ம வேலை” என்பாள். 1997இல் நாடு முழுக்க ரேஷனை வறுமைக் கோட்டால் வெட்டியபோது தமிழ்நாடு மட்டும் எல்லோருக்கும் என்று நின்றதற்கு ஆயிரம் பொருளாதாரக் காரணம் எழுதியிருக்கிறார்கள். இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது. ஏறி ஏறி 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆயிற்று. பக்கத்து நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் இதற்காக உண்டானவை அல்ல. ஆனால் அவற்றுக்கு விலை விழும்போதெல்லாம் வாங்குவதற்கு ஒரு சர்க்கார் இருந்தது. கொள்கை என்பது பல சமயம் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பக்கம் குழந்தை, மறுபக்கம் வியாபாரி, நடுவில் ஓட்டு. விளைவாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் ஆறு கிராம் நல்ல புரதம். நான் குறை சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் முட்டை ஆசாரத்துக்கு ஆகாது என்று அந்த ஆறு கிராமும் தட்டில் விழுவதில்லை.

செறிவூட்டிய அரிசியை மட்டும் என்னால் இப்படிச் சுலபமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் அறிவித்து, 2024க்குள் எல்லா ரேஷன் கடைகளுக்கும் என்று கொண்டுவந்த திட்டம். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, அரிசி மாதிரியே மணிமணியாகப் பிழிந்து, நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலப்பார்கள். மலையில் இது வந்தபோது யாரும் யாருக்கும் விளக்கவில்லை. நம் பையனின் பாட்டி முறத்தில் போட்டுப் புடைத்தாள். நிறம் கொஞ்சம் மாறுபட்டு, தண்ணீரில் மிதந்த மணிகளைக் கண்டு, “பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டானுங்க” என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்கு வீசினாள். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படியே. ஆக, அரசாங்கம் செலவு செய்து அனுப்பிய இரும்பு முழுவதும் சேர்வராயன் மலைக் கோழிகளுக்குப் போயிற்று. சிரிக்கலாம். ஆனால் கல்லும் நெல்லும் பொறுக்கிப் பொறுக்கியே ஆயுளைக் கழித்த கண்ணுக்கு அந்நியமான ஒன்று பட்டால் அது எடுத்துப் போடத்தான் செய்யும். இதற்கு அறியாமை என்று பெயர் வைப்பது அநியாயம். அவள் பாடத்திருத்தம் செய்தாள். செருகல் என்று பட்டதை நீக்கினாள். மூலப்பிரதியை மாற்றியவர்கள் ஒரு அடிக்குறிப்பாவது போட்டிருக்கலாம்.

இன்னொன்று: அதே இரும்பு தலசீமியாவும் சிக்கிள் செல் சோகையும் உள்ளவர்களுக்கு ஆகுமா என்று ஒரு விவாதம் இருந்தது. முதலில் பையின் மேல் எச்சரிக்கை வாசகம் அச்சிட விதி இருந்தது. நிபுணர் குழு தேவையில்லை என்றதும் 2024இல் அதை எடுத்துவிட்டார்கள். குழு சொன்னது சரியாகவே இருக்கலாம். ரேஷன் கடையில் அரிசி மூட்டையாக வந்து தராசில் விழுகிறது. மூட்டையின் மேல் என்ன எழுதியிருந்தது, பிறகு என்ன அழிக்கப்பட்டது என்பதை வரிசையில் நிற்பவர் ஒருவரும் படித்ததில்லை.

கவிஞருடைய கேள்விக்கு மிச்சம் இருக்கிறது. அரிசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றால் சாமைக்கு என்ன வழி? இங்கே எனக்குக் கோபம் வருவது பாட்டியின் மேலும் அல்ல, ரேஷன் மேலும் அல்ல, ஒரு பட்டியலின் மேல். மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் பயிர்ப் பட்டியலில் நெல், கோதுமை, சோளம், கம்பு, மக்காச்சோளம், கேழ்வரகு உண்டு. சாமை இல்லை, தினை இல்லை, வரகு இல்லை. சிறுதானிய ஆண்டு என்று ஊரெல்லாம் தோரணம் கட்டிய 2023லும் இல்லை. அந்த வருஷம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். கேழ்வரகுக்கு விலை உண்டு, கொள்முதல் உண்டு, ஆகவே கடையிலும் இடம் உண்டு. சாமைக்கு முதல் இரண்டும் கிடையாது. விலை இல்லாத பயிரை விதைக்கிறவன் எங்கே போவான்? காப்பிக்கும் மிளகுக்கும் போகிறான், சவுக்கு மரத்துக்குப் போகிறான், அல்லது நிலத்தைத் தோட்டக்காரனிடம் விட்டுவிட்டு அங்கேயே கூலிக்குப் போகிறான். என் நான்கு வருஷத்தில் நகைக்கடன் வாங்கியவர்களை எண்ண முடியாது. சாமை விதைக்க என்று ஒருவரும் கடன் கேட்டு என் மேஜைக்கு வந்ததில்லை. கேட்டிருந்தால் மேனேஜர் எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு இப்போது சர்க்கரை. வருஷக்கணக்கில் மற்றவர் பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய அலுமினியப் பாத்திரங்களில் சோறு வடித்தவள். (மேட்டூர் ஆலைக்கு பாக்ஸைட் இந்த மலையிலிருந்து வெட்டிப் போயிற்று, பாத்திரம்கூட இங்கிருந்து போனதாக இருக்கலாம்.) கடைசிப் பந்தி முடிந்து அடியில் மிஞ்சியதைத் தின்று பழகியவள். அரசு மருத்துவமனை டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்லி, சாமை, வரகு என்று சொல்லியிருக்கிறார். மலையில்தானே இருக்கிறாய், நல்லதாகப் பார்த்து வாங்கி வா என்றாள். ஏற்காட்டுச் சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கி ஒருவரிடம் கிடைத்தது. கிலோ 110 ரூபாய். எந்த ஊர்ச் சாமை, நாகலூரா மாரமங்கலமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சேலம் லீ பஜாரில் எடுத்ததுங்க சார் என்றார். ஐந்து கிலோ வாங்கி, அதே இருபது வளைவும் இறக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா கையில் அள்ளிப் பார்த்து, கல் நிறைய இருக்கிறது என்று முறத்தை எடுத்தாள்.